பிழை என்று சொன்ன சொல்

ஊர்காவற்றுறைக் கரையில் யாக்கோப்பு என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ருஷ்யா யாக்கோப்பு என்று கேட்டால் ஒரு ஆளைத்தான் காட்டுவார்கள். வயது ஐம்பத்துமூன்று. சொந்தமாக ஒரு வள்ளம், இரண்டு வலை, கல்வீடு, ஒரு மனைவி, ஒரு மகள். கடல்காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் உப்பைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் உப்போடு வருவான்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக வந்த வெள்ளைக்காரர், படகுக்காரனின் ஆங்கிலம் விளங்காமல் முழிசிக்கொண்டு நிற்பது உண்டு. அவர்கள் ருஷ்யர் என்று தெரிந்தால் உடனே யாக்கோப்புக்குப் போன் போகும். அவர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கி நாலு வார்த்தை சொல்லுவார். வந்தவர்கள் வாயைப் பிளந்து அவரைக் கட்டிப்பிடிப்பார்கள். நிற்கிற சனம் அதைவிட அகலமாக வாயைப் பிளக்கும்.

"சும்மாவே? அங்கை போய்ப் படிச்ச மனுசன்" என்று யாராவது ஒருவர் சொல்லுவார்.

யாக்கோப்பு ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பார். ஒருதரம் சொன்ன பொய்யை இருபத்திரண்டு வருசம் வாயை மூடியே காப்பாற்றிய மனிதர் அவர்.

மெய்க் கதை இதுதான். தகப்பன் கடலில் போய்ச் சேர்ந்தபோது யாக்கோப்பு நாலாம் வகுப்பு. அடுத்த கிழமையே பெரிய தகப்பனின் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. இருபத்தைந்து வயதில், சண்டைக்காலத்தில், ஜேர்மனிக்கு என்று ஒரு ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டவர். அவன் மொஸ்கோவில் கொண்டுபோய் இறக்கி, இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் சொல்லாமலே போய்விட்டான். யாக்கோப்பு ஒரு மீன் குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கப் போனார். ஆறு வருசம் தூக்கினார். பாஷை முழுக்கக் காதால் வந்தது. பெட்டி தூக்குகிறவனுக்குக் காது சும்மாதானே இருக்கிறது.

வீட்டுக்கு என்ன எழுதுவது? மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டு வாசலில் கடலை வைத்துக்கொண்டு, உலகத்தின் மறுகோடிக்குப் போய் இன்னொருவனுடைய செத்த மீனைத் தூக்குகிறான் என்று எழுதவா? "இஞ்சை கடலிலை மீன் இல்லையெண்டோ ருஷ்யா போனவன்?" என்று ஊர் சிரிக்கும். அறையில் கூட இருந்த ஒருவனைக் கொண்டு எழுதுவித்தார்: நான் இங்கே கப்பல் இஞ்சின் படிக்கிறேன், சுகமாக இருக்கிறேன்.

அந்த ஒரு வரி அவருக்கு முன்னமே ஊருக்குப் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டது. சமாதான காலத்தில் அவர் திரும்பி வந்து வள்ளத்தில் இறங்கியபோது, படித்த மனுசன் பெருமை பாராமல் தொழில் செய்கிறான் என்று கொண்டாடினார்கள். கத்தரீனாவின் தகப்பன் அந்தப் படிப்பை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார். தமிழ்ப் பத்திரிகையைக்கூட யாக்கோப்பு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அதற்கும் கத்தரீனா ஒரு நியாயம் வைத்திருந்தாள். "ருஷ்ய எழுத்துப் பழகி எங்கடை எழுத்து அவற்றை கையை விட்டுப்போச்சுது" என்று அயலுக்குச் சொல்லுவாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாக்கோப்புக்கு வள்ளத்தில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும்.

இப்படி இருக்கையில்தான் வேரா என்ற அம்மாளுக்கு வரவேற்பு என்ற கதை வந்தது.

வேரா ருஷ்யாவின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் நூலகத்தில் இருந்து இளைப்பாறிய பெண். இரண்டு வருசத்துக்கு முன்னர் தீவுகளைப் பார்க்க வந்தவள், மழை ஒழுக்கில் புத்தகமெல்லாம் ஊறிப்போன கரையோர வாசிகசாலையை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். ஆறு மாதத்தில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. சிறுவர்களுக்கு ஆங்கிலத்தில், படங்களோடு, நல்ல தடித்த தாளில். இப்போது அவள் திரும்ப வருகிறாள்.

வாசிகசாலைச் செயலாளர் பரமலிங்கம். இளைப்பாறிய தபாலதிபர். வாழ்த்துமடல் என்றால் அவருக்கு உயிர். ஊரில் இளைப்பாறின எவரும், இடம் மாறிப் போன எவரும், பரமலிங்கத்தின் கண்ணாடிப் பிரேமுக்குத் தப்பியதில்லை. யாக்கோப்போடு தொழிலுக்குப் போகிற டிலோன் சொல்லுவான்: "செத்த வீட்டுக்கும் குடுத்திருப்பார். வாங்க ஆள் எழும்பாது எண்டுதான் விட்டவர்."

வாசிகசாலைக் கூட்டத்தில் பரமலிங்கம் வேராவுக்கு எழுதிய மடலை வாசித்துக் காட்டினார். "அலைகடல் தாண்டி வந்த அறிவொளி மங்கையே! நூற்கடல் குடித்தும் தாகம் தீரா நுண்மதி நங்கையே!" இடது பக்கம் இது. வலது பக்கம் ஆங்கிலம். அதை எழுதினவள் யாக்கோப்பின் மகள் றொஷானி. யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போய் ஆங்கில டிப்ளோமா படிக்கிறவள். வாசிகசாலைக்கு வந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் இலக்கம் போட்டு அடுக்கினவளும் அவள்தான்.

"எல்லாம் சரி. ஆனால் நடுவிலை, அவவின்ரை பேருக்கு முன்னாலை, ஒரு சொல். ஒரே ஒரு சொல். அவவின்ரை பாஷையிலை, தங்க எழுத்திலை. பாத்த உடனை மனுசிக்குக் கண் கலங்கோணும்" என்றார் பரமலிங்கம்.

"என்ன சொல் ஐயா?" என்று டிலோன் கேட்டான்.

"பிள்ளை ஆங்கிலத்திலை ஒரு சொல் போட்டிருக்கிறா. வெல் ரெட். அதைத்தான்."

யாக்கோப்பு கதிரையில் நிமிர்ந்தார். "உதுக்கு என்ன கருத்து?"

"கனக்க வாசிச்ச ஆள் எண்டு கருத்து, அப்பா" என்றாள் றொஷானி. "வாசிச்சு வாசிச்சு அதாலை அறிவு நிறைஞ்ச ஆள். சும்மா படிச்சவை எண்டு இல்லை. புத்தகத்தோடை சீவிச்ச ஆள். நான் போனிலை பாத்தனான். இந்தச் சொல்லைக் காட்டுது. சரியோ எண்டு பாருங்கோ."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

திரையில் ஒரு சொல் நின்றது. சில எழுத்து ஆங்கிலம் மாதிரி, சில எழுத்துக் கவிழ்த்துப்போட்ட கதிரை மாதிரி. ஆறு வருசம் குளிர்க்கிடங்குக் கதவில் பார்த்த அதே எழுத்துகள்தான். அன்றைக்கும் அவை அவரோடு கதைக்கவில்லை, இன்றைக்கும் கதைக்கவில்லை. சுற்றவர எட்டுப் பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்தவள் மகள்.

சரி என்று சொல்லலாம். சரி என்று சொல்லி, அது பிழையான சொல்லாக இருந்து, வேராவே அதைப் பார்த்துச் சிரித்தால்? பிழை என்று சொன்னால் ஒரு கரைச்சலும் இல்லை. படித்தவன் என்றால் குற்றம் கண்டுபிடிக்கத்தானே செய்வான். சரி என்று சொல்லுவதற்குத்தான் அறிவு வேண்டும், பிழை என்று சொல்லுவதற்கு முகத்தைச் சுளிக்கத் தெரிந்தால் போதும்.

யாக்கோப்பு முகத்தைச் சுளித்தார். "பிழை."

"பிழையோ?" றொஷானியின் கை இறங்கியது.

"முழுப் பிழை. ஆர் சொன்னது உனக்கு இந்தச் சொல்லை?"

"உந்தப் போனை நம்பேலாது எண்டு சொன்னனான், பாத்தீரே!" என்று பரமலிங்கம் மேசையில் தட்டினார். "போன வருசம் ஒரு அதிகாரிக்குப் போனைக் கேட்டுச் சிங்களத்திலை வரவேற்புப் போட்டனாங்கள். வந்த மனுசன் பதாகையைப் பாத்திட்டு வாசலிலையே நிண்டு சிரிச்சது. ஆள் இருக்கேக்கை போன் என்னத்துக்கு? யாக்கோப்பு, நீர் சொல்லும். சரியான சொல் எது?"

"கிறாமத்னயா" என்றார் யாக்கோப்பு.

கண்ணை மூடித் திறக்கமுன் அந்தச் சொல் வந்தது. பொய்யாக வந்த சொல் அல்ல அது. அவருக்குத் தெரிந்த ருஷ்யச் சொற்களுக்குள் ஆக உயரத்தில் இருந்த சொல்.

குளிர்க்கிடங்கில் அவர் கால் வைத்த முதல் நாள், மேற்பார்வைக்காரி கலீனா ஒரு தாளை நீட்டி "கிறாமத்னி?" என்று கேட்டாள். எழுத வாசிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டாள் என்று விளங்கவே அவருக்கு ஒரு மாதம் எடுத்தது. அன்றைக்கு அவர் பேசாமல் நின்றார். அவள் ஒரு சொல்லை முணுமுணுத்து, தாளில் ஒரு கோடு கீறிவிட்டு ஐஸ் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவருக்குப் பின்னால் நின்றவன் ஓம் என்றான். அவனுக்கு ஒரு பென்சிலும், தராசுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும், காலடியில் ஒரு ஹீற்றரும் கிடைத்தது. ஆறு வருசம் யாக்கோப்பு பெட்டியோடு அந்தக் கதிரையைக் கடந்து போனார், கடந்து வந்தார். விரல் நுனி மரத்துப்போகும் போதெல்லாம் அந்தச் சொல்தான் மனதில் வரும். கிறாமத்னி. சூட்டில் இருக்கிறவன். இதைவிடப் பெரிய சொல் ஒன்று மனிதருக்கு வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று பின்னேரம் வீட்டில் றொஷானி போனுக்குள் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தாள். பிறகு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, கோவிக்காதேங்கோ. நீங்கள் சொன்ன சொல்லுக்கு எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆள் எண்டு மட்டும்தான் வருது. அவ லைப்ரரியிலை இருந்தவ. அவவுக்குப் போய் எழுத வாசிக்கத் தெரியும் எண்டு தங்க எழுத்திலை..."

பிள்ளை சொல்லுவது சரி என்று யாக்கோப்புக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. விளங்கினபடியால்தான் தொண்டை இரண்டு மடங்கு உயர்ந்தது.

"உன்ரை போன் ஆறு வருசம் அங்கை இருந்ததோ? அந்தப் பனியிலை கிடந்ததோ? நான் சொல்லுறன் சரியெண்டு. ரெண்டு பாடம் படிச்ச உடனை தேப்பனுக்குப் படிப்பிக்க வந்திட்டாய்!"

"நான் படிப்பிக்கேல்லை, அப்பா. கேட்டனான்."

"கேக்கத் தேவையில்லை!"

"இஞ்சை, பிள்ளை" என்று கத்தரீனா அடுப்படியில் இருந்து வந்தாள். "அங்கை போய்ப் படிச்ச மனுசனோடை நீ என்ன எதிர்வழக்குப் பேசுறாய்? வாயை மூடிக்கொண்டு அப்பா சொன்னதை எழுது."

றொஷானி தகப்பனை ஒருதரம் பார்த்தாள். போய் மேசையில் இருந்து எழுதினாள். யாக்கோப்பு சாப்பாட்டில் கை வைத்தார். கீரிமீன் பொரியல், அவருக்குப் பிடித்தது. பிள்ளையின் முதுகு அந்த மேசையில் குனிந்திருந்த விதம் அவருக்கு ஒரு வாயும் இறங்கவிடவில்லை. எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம்தான். அவர் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு வரவேற்பு. வேரா எழுபது வயது இருக்கும் ஒடிசலான பெண். வெள்ளைத் தொப்பி, பெரிய பை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அவள் வெயிலில் சிவந்து, பொன்னாடையைச் சால்வை மாதிரி இழுத்து மூடிக்கொண்டு சந்தோசமாக இருந்தாள். பரமலிங்கம் மடலின் தமிழ்ப் பக்கத்தை ராகம் போட்டுப் பாடினார். அது முடியக் கால் மணித்தியாலம் எடுத்தது. றொஷானி ஆங்கிலத்தைத் தெளிவாக வாசித்தாள். பிறகு பரமலிங்கம் மைக்கில், "இப்போது, ருஷ்ய தேசத்திலே கல்வி கற்ற எங்கள் யாக்கோப்பு அவர்கள் அந்தத் திருச்சொல்லை அறிவிப்பார்" என்றார்.

யாக்கோப்பு அலுமாரியில் கிடந்த கலியாணச் சேட்டைப் போட்டு வந்திருந்தார். பிரேமைக் கையில் ஏந்திக்கொண்டு, "கிறாமத்னயா வேரா" என்று கடலில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

சனம் கைதட்டியது. வேரா பிரேமை வாங்கித் தங்க எழுத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சனம் அதைச் சந்தோசம் என்று நினைத்து இன்னும் கைதட்டியது.

"நன்றி" என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி, தன் பாஷையில். "நாற்பது வருசம் நூலகத்தில் இருந்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்று இவ்வளவு உறுதியாக ஒருவரும் எழுதித் தந்ததில்லை." பிறகு அன்பாக, "நச்சீத்தன்னயா என்று போட நினைத்தீர்களோ?" என்று கேட்டாள்.

நச்சீத்தன்னயா.

யாக்கோப்புக்கு அந்தச் சொல்லைத் தெரியும். நன்றாகத் தெரியும். குளிர்க்கிடங்கு வாசலில் காவல் இருந்த கிழவனைக் கலீனா அப்படித்தான் சொல்லுவாள். நச்சீத்தன்னி. எந்த நேரமும் மடியில் ஒரு புத்தகம், கேட்டதுக்கெல்லாம் ஒரு மறுமொழி வைத்திருந்த கிழவன். மகள் போனில் காட்டிய சொல் அதுவாகத்தான் இருக்கும். வாயால் ஒருதரம் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஓம் என்றிருப்பார். போனை வாசிக்கவிட்டுக் கேட்டிருந்தாலும் போதும். காதில் இருபத்தைந்து வருசமாகக் கிடந்த சொல்லைக் கண்ணுக்கு முன்னால் வைத்தபோது, பிழை, முழுப் பிழை என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

வேரா பைக்குள் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். மைக்கில் தன் உடைந்த ஆங்கிலத்தில் எதையோ சொன்னாள். றொஷானி அதைத் தமிழில் சொன்னாள்: "இது அவவின்ரை ஊர்ப் பிள்ளையளின்ரை கதைப்புத்தகமாம். அவவின்ரை பாஷையின்ரை சத்தத்தை எங்கடை பிள்ளையளும் ஒருக்காக் கேக்கட்டுமாம். அப்பாவை வாசிக்கச் சொல்லுறா."

முன்வரிசையில் பிள்ளைகள் சப்பாணி கட்டி இருந்தார்கள். கத்தரீனா நீலச் சேலையோடு இரண்டாம் வரிசையில் இருந்து பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள், பார் என்று. டிலோன் பின்னால் இருந்து, "அண்ணை, எடுத்து விடு!" என்றான்.

யாக்கோப்பு புத்தகத்தைத் திறந்தார். ஒரு கரடி, ஒரு மரம், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் கத்தரீனாவின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார்.

"திறெஸ்கா" என்றார்.

பிறகு, "மின்தாய். ஸ்கும்பிறியா."

குளிர்க்கிடங்கில் பெட்டி இறக்கும்போது கூவுகிற மீன் பெயர்கள். ஆறு வருசம் கூவினது. கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லுகிற ராகத்தில் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கம்பலா. பால்துஸ்." இடையில் பெட்டிக் கணக்கையும் சேர்த்தார், நாற்பது கிலோ, அறுபது கிலோ, கதவைச் சாத்து, காலைப் பார். பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்டார்கள். பரமலிங்கம் கண்ணை மூடித் தலையை ஆட்டி இரசித்தார்.

எவ்வளவு நேரம் அந்த முதல் பக்கத்திலேயே நின்றாரோ தெரியாது. வேராவின் கை மெல்ல வந்தது. பொன்னாடை விளிம்பைச் சரிசெய்கிற மாதிரிச் சரிந்து, ஒரு விரலால் தாளைப் புரட்டிவிட்டாள். அவர் இன்னும் மூன்று மீன் சொன்னார். திரும்பப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வந்தபோது புத்தகத்தைத் தானே மூடி, முதல் ஆளாகக் கைதட்டினாள்.

மண்டபமே எழும்பிக் கைதட்டியது. கடலில் எத்தனையோ தரம் வள்ளம் கவிழ்ந்து தண்ணி குடித்த மனிதர்தான் யாக்கோப்பு. மூச்சு இப்படி முட்டியது அதுதான் முதல்தரம். அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். மூடி மறைத்துவிட்டாளே, அதைத்தான் தாங்க ஏலவில்லை.

பிறகு வடையும் தேத்தண்ணியும். வேரா கோப்பையோடு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கம்பலாவை இரண்டு தரம் சொன்னீர்கள்" என்றாள்.

அவர் தன் கோப்பையில் இருந்து ஒரு மிடறு குடித்தார்.

"என் தகப்பன் அந்த மீன்களைப் பிடித்தவர். குளிர்க்கிடங்கா?"

"ஆறு வருசம்."

"குளிர்" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துப் பரமலிங்கம் கை நிறைய வடையோடு வந்தார். பின்னால் டிலோன். றொஷானி தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், கத்தரீனா கழுவுவதற்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியே, பிள்ளை?" என்றார் பரமலிங்கம் றொஷானியிடம். "மனுசி அந்தச் சொல்லைப் பாத்து எப்பிடிச் சிரிச்சவ! உன்ரை போனை நம்பியிருந்தா இண்டைக்கு எங்கடை மானம் கப்பலேறியிருக்கும். ரெண்டு எழுத்துத் தெரிஞ்ச உடனை எல்லாம் தெரியும் எண்டு நினைக்கக் கூடாது. ஒரு படிச்ச மனுசனைத் தேப்பனா வைச்சுக்கொண்டு போனைக் கேக்கிறதே?"

"ஓம் ஐயா" என்றாள் றொஷானி. காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. கையில் இருந்த தட்டத்தை ஏற்கெனவே துடைத்தவள், திரும்பத் துடைத்தாள்.

"அண்டைக்குத் தேப்பனோடை எதிர்த்துக் கதைச்சவள், ஐயா" என்றாள் கத்தரீனா. "இப்ப விளங்கியிருக்கும்."

யாக்கோப்பு கோப்பையை வைத்தார்.

"பிள்ளையின்ரை சொல்தான் சரி" என்றார்.

"என்ன?" என்றார் பரமலிங்கம்.

"அவள் போனிலை காட்டின சொல்தான் சரியான சொல். நான் குடுத்தது பிழை."

"சும்மா இரும் யாக்கோப்பு. மகளிலை இரக்கப்பட்டு..."

"இரக்கமும் இல்லை, மண்ணும் இல்லை! மனுசி சிரிச்சது சந்தோசத்திலை இல்லை. எழுத வாசிக்கத் தெரிஞ்சவ எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம், நாப்பது வருசம் லைப்ரரியிலை இருந்த மனுசிக்கு."

"அப்ப ஏன் காணும் பிழையெண்டு சொன்னனீர்?" பரமலிங்கத்தின் கையில் வடை அப்படியே நின்றது.

யாக்கோப்பின் பெரிய தொண்டை அன்றைக்குத்தான் சின்னதாகிப்போனது. "எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது."

டிலோன் சிரித்தான். "அண்ணை பகிடி விடுறார். இப்ப முழுப் புத்தகம் வாசிச்சவர்!"

"அது மீன் பேரடா. பெட்டி தூக்கேக்கை கத்துறது. நான் அங்கை படிக்கேல்லை. மீன்பெட்டி தூக்கினனான். ஆறு வருசமும் அதுதான்."

டிலோன் எதையோ சொல்ல வாயெடுத்து, யாக்கோப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினான். கத்தரீனா கையில் இருந்த தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"என்ரை அப்புவுக்குச் சொன்னது?" என்று கேட்டாள்.

"அதுவும் பொய்."

"எனக்கு?"

மறுமொழிக்கு நிற்காமல் அவள் போய்க் குடையை எடுத்தாள்.

வேராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தன் பாஷை தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டாள். "என்ன நடந்தது? இவர்கள் என்ன சொல்லுகிறார்கள்?"

யாக்கோப்பு சுற்றும் முற்றும் பார்த்தார். ஆங்கிலத்தில் சொல்ல றொஷானி இருக்கிறாள், அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஊரில் அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. தன் வெட்கத்தைத் தன் வாயாலேயே இன்னொரு தரம், இன்னொரு பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"மகள் உங்களுக்குச் சரியான சொல்லைத்தான் தேடி எடுத்தவள்" என்றார். "நான் அதை வாசிக்காமல் பிழை என்று சொன்னேன். அவளை ஏசினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. நான்..." அடுத்த சொல் தேடாமலே வந்தது, கலீனா தாளில் கோடு கீறிய அன்றைக்குச் சொன்ன சொல். "நெகிறாமத்னி."

"எங்களுக்கும் சொல்லுமன்" என்றார் பரமலிங்கம். ஏசுகிற குரல் இல்லை அது. "என்ன சொன்னனீர் அவவுக்கு?"

"எழுத்துத் தெரியாதவன் எண்டு சொன்னனான்."

வேரா பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இது இப்படியே இருக்கட்டும், எனக்கு இதுவே போதும் என்றாள். யாக்கோப்பு அதையும் தமிழில் சொன்னார்.

"இல்லை" என்றாள் றொஷானி. தகப்பன் உண்மையைச் சொன்ன பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "பிழையான சொல்லை அவவின்ரை வீட்டுச் சுவரிலை கொழுவவிட ஏலாது. அது என்ரை ஆங்கிலத்துக்குப் பக்கத்திலை நிக்கிறது. நீங்களே சொல்லுங்கோ அவவுக்கு."

அவர் சொன்னார். வேரா பிள்ளையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிரேமைக் கொடுத்தாள்.

றொஷானி அதை வாசிகசாலை மேசையில் குப்புறப் போட்டு, கத்திமுனையால் பின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். தங்க எழுத்துக்கு மேலே ஒட்டுவதற்கு ஒரு தாளை அளந்து வெட்டினாள். கறுப்புப் பேனையால், போனைப் பார்த்துப் பார்த்து, ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சாக எழுதினாள். தகப்பனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில், போகவும் ஏலாமல் நிற்கவும் ஏலாமல் நின்றார்.

யன்னலால் றோட்டுத் தெரிந்தது. கத்தரீனா குடையை விரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மற்ற நாள் என்றால் திரும்பிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, வாறியளோ?" என்று கூப்பிட்டிருப்பாள். அந்த நீலச் சேலை மதகடியில் திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா."

திரும்பினார். றொஷானி நிமிர்ந்து பார்க்காமல் பிரேமின் கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு கையாலையும் பிடியுங்கோ. ஆட்டாதேங்கோ."

யாக்கோப்பு பிடித்தார்.